சென்செக்ஸ் விழுந்ததா? கத்துவதற்கு முன் ஒரு வகுத்தல் போடுங்கள்

பங்குச்சந்தை, தங்கம், பணவீக்கம், ஏஐ, நியூட்ரினோ என்று எந்தச் செய்தி வந்தாலும் அதற்கு உடனே ஒரு கருத்துச் சொல்லிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். மதுரையில் டீ ஆறுவதற்குள் ரிசர்வ் வங்கிக்கே நாலு யோசனை சொல்லிவிடுவார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த பழக்கம், இதெல்லாம் படித்தவர்கள் மட்டும் பேசுகிற விஷயம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். ஆனால் தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டால், நம் கோபத்தில் நியாயமாக இருக்கிற பகுதியையும் சேர்த்து எதிராளி ஊதித் தள்ளிவிடுவார். காரமாகப் பேசுங்கள், அதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். எப்படிப் போடுவது என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் புள்ளிகள். சென்செக்ஸ் என்பது மும்பைப் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற குறியீடு. "சென்செக்ஸ் 1,400 புள்ளிகள் சரிவு, சந்தையில் ரத்தக் களரி" என்று டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடினால், எத்தனையிலிருந்து 1,400 என்று கேளுங்கள். 2008 ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 1,408 புள்ளிகள் விழுந்தது. அப்போது குறியீடே 19,000 பக்கம்தான் இருந்தது, அதனால் ஒரே நாளில் 7 சதவீதத்துக்கு மேல் போயிற்று, அது உண்மையிலேயே அடி. அதே 1,408 புள்ளிகள் குறியீடு 80,000-ல் இருக்கும்போது விழுந்தால் 1.8 சதவீதம்கூட இல்லை. போனில் கால்குலேட்டர் இருக்கிறது, விழுந்ததை முந்தைய நாள் முடிவால் வகுத்து நூறால் பெருக்குங்கள், அதன் பிறகு பதற வேண்டுமா என்று முடிவு செய்யலாம். "முதலீட்டாளர்களின் 5 லட்சம் கோடி மாயம்" என்கிற தலைப்பும் இதே ரகம்தான். ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கிற மொத்தப் பங்குகளை அன்றைய விலையால் பெருக்கி, நேற்றைய தொகையிலிருந்து கழித்த கணக்கு அது. விற்காதவர் கையிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகவில்லை.

சதவீதத்திலும் ஒரு பொறி உண்டு. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். மல்லிகை கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், முகூர்த்தம் முடிந்ததும் 500-க்கு வருகிறது, 50 சதவீதம் வீழ்ச்சி. அடுத்த வாரம் 50 சதவீதம் ஏறினால் பழைய விலையா? இல்லை, 750 தான். 1,000-த்தைத் தொட வேண்டுமானால் அது 100 சதவீதம் ஏற வேண்டும். "ஏற்றுமதி 50 சதவீத மீட்சி" என்று படித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த 250 ரூபாயைத் தொலைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, மார்கழிப் பனியில் பூ வரத்து குறைந்து விலை உச்சிக்குப் போகிற மாதத்தை, பூ கொட்டிக் கிடக்கிற கோடை மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கதையையும் சொல்லலாம். எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிட்டார்கள் என்பதுதான் பாதிச் செய்தி.

இதை அப்படியே பணவீக்கத்துக்குக் கொண்டு போங்கள், ஏனென்றால் நம் வீட்டுச் சண்டைகளில் அதிகம் அடிபடுகிற எண் இதுதான். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். உடனே ஒரு பக்கம் "விலைவாசி குறைந்துவிட்டது" என்று கொண்டாட்டம், இன்னொரு பக்கம் "பொய், எங்க வீட்டுச் செலவு ஏறித்தான் இருக்கு" என்று கொதிப்பு. இருவருமே அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. 2024 அக்டோபரில் இருந்த சராசரி விலையைவிட 2025 அக்டோபரில் கால் சதவீதம் கூடுதல், அவ்வளவுதான் அது சொல்வது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்று பொருள், ஏறிய விலை இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை. அதோடு, 2024 அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் ஏறிக் கிடந்தது. அந்த மலை உச்சியிலிருந்து அளந்தால் அடுத்த ஆண்டு எதுவும் பள்ளமாகத்தான் தெரியும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்களைக் குறைத்ததும் சேர்ந்துகொண்டது.

உங்கள் வீட்டுக் கணக்கு இதோடு ஒத்துப்போகாததற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கூடைப் பொருள்களின் விலையை வைத்துத்தான் பணவீக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அப்போதைய விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 46 சதவீத எடை. காய்கறி இறங்கினால் மொத்த எண்ணும் தடாலென்று இறங்கும். ஆனால் உங்கள் சம்பளத்தில் பாதி பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் வண்டித் தவணைக்கும் போகிறது என்றால் தக்காளி என்ன விலைக்கு வந்தால் என்ன? கிராமப்புறக் கணக்கில் வீட்டு வாடகை என்ற இனமே அப்போது கிடையாது. ஆகவே அரசாங்கம் பொய் சொல்கிறது என்று சொல்வதைவிட, "இந்தக் கூடை என் வீட்டுக் கூடை இல்லை" என்று சொல்லுங்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. சொல்வதற்கு ஆதாரமும் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு மளிகை பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். தாளையே எடுத்து வைத்தால் சில மாதத்தில் எழுத்து வெளுத்துப்போய், து.பருப்பு எந்த வரி, உ.பருப்பு எந்த வரி என்றே தெரியாது. அடுத்த ஆண்டு அதே மாத பில்லோடு அதே பிராண்ட், அதே எடை என்று வரிக்கு வரி பாருங்கள். பாக்கெட் எடையை மறக்காமல் பார்க்க வேண்டும், விலையை ஏற்றாமல் பிஸ்கட்டைக் குறைக்கிற வேலை அங்கேதான் நடக்கிறது. இதை ஒரு வருடம் செய்தவர் பேசினால் எந்த நிபுணர் வந்தாலும் டிவியை அணைத்துவிட்டு நான் அவர் பேச்சைக் கேட்பேன்.

தங்கத்துக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றி, 31.1-ஆல் வகுத்து (ஒரு அவுன்ஸ் 31.1 கிராம்), 8-ஆல் பெருக்குங்கள் (ஒரு பவுன் 8 கிராம்), 22 காரட்டுக்காக 91.6 சதவீதம் எடுத்து இறக்குமதி வரியைச் சேர்த்தால் பவுன் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உலக விலை, ரூபாய், வரி, இந்த மூன்றில் எது நகர்ந்தது என்று பார்த்துவிட்டுத் திட்ட வேண்டியவரைத் திட்டலாம். 2024 ஜூலை பட்ஜெட்டில் வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது விலை சட்டென்று இறங்கியது மூன்றாவது காரணத்தால். தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைக்காரரோடு பேரம் பேச வேண்டியது செய்கூலி, சேதாரத்தில் மட்டும்தான், பவுன் விலைக்காக அவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அறிவியல் செய்திக்கு வருவோம். நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிப் போகிற மிக நுண்ணிய துகள், ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாது என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. "ஒளியை மிஞ்சிய நியூட்ரினோ, ஐன்ஸ்டைன் தோற்றார்" என்று 2011 செப்டம்பரில் உலகமே எழுதியது. ஜெனீவாவிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் போன நியூட்ரினோக்கள் 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டதாக அளவீடு. சில மாதத்தில், சரியாகப் பொருத்தாத ஒரு ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் கோளாறு என்று தெரிந்தது. அந்த விஞ்ஞானிகள் மேல் எனக்கு மரியாதைதான், நாங்கள் நம்ப முடியாத ஒன்றைப் பார்க்கிறோம், சரிபாருங்கள் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். தலைப்பு போட்டவர்கள்தான் தீர்ப்பு எழுதினார்கள். இரண்டாவது ஆய்வகம் அதையே பார்க்கும்வரை "அப்படியா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நியூட்ரினோ என்றதும் நம் பக்கம் தேனி பொட்டிப்புரம் ஞாபகம் வரும். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மலைக்கு அடியில் அமைய இருந்த அந்த நியூட்ரினோ ஆய்வகம் இன்றும் வரவில்லை, மதுரையில் 85 டன் எடையில் அதன் சிறு மாதிரியை வைத்துச் சோதித்தார்கள். அந்தச் சமயத்தில் நியூட்ரினோ உடம்பைத் துளைத்து நோய் கொடுக்கும் என்று எத்தனை பேச்சு! சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன, நீங்கள் இதைப் படிக்கும்போதும் போகின்றன, ஒன்றும் ஆவதில்லை. ஆய்வகம் அவற்றைத் தயாரிக்கப் போவதாக இல்லை, வளிமண்டலத்திலிருந்து வருவதைக் கவனிக்கத்தான் திட்டம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையோரம் பாறையை வெடித்து இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைவது, தண்ணீர் எங்கிருந்து எடுப்பது, காட்டுக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் முழுக்க நியாயமானவை, அவற்றுக்கு அந்த ஊர்க்காரருக்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும். கதிர்வீச்சுப் பயத்தையும் மலைக் கவலையையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால், முதலாவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இரண்டாவதையும் கேட்காமல் போனார்கள். எதிர்க்கப் போகும்போது பலமான காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

புற்றுநோய்த் தலைப்புகளுக்கு ஒரே விதி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு பொருளைப் பட்டியலில் சேர்ப்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை வைத்து, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை வைத்து இல்லை. செல்போன் கதிர்கள் 2011-ல் 'புற்றுநோய் தரக்கூடும், ஆதாரம் போதாது' என்கிற 2பி பிரிவுக்குப் போயின, கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எலிக்கு வேலை செய்த மருந்தா, மனிதர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனை முடிந்த மருந்தா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நோயாளி இருக்கிற வீட்டுக்கு வெறும் நம்பிக்கையை அனுப்பி வைப்பது கொடுமை.

ஏஐ செய்திகளில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். "30 கோடி வேலைகள் பறிபோகும்" என்று 2023-ல் ஓடிய செய்திக்கு மூலம் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் அறிக்கை. அதில் இருந்தது 30 கோடி முழுநேர வேலைகளுக்கு இணையான உழைப்பு தானியங்கிமயத்துக்கு உட்படக்கூடும் என்பதுதான். பறிபோவதும் உட்படக்கூடியதும் ஒன்றா? ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையை டைப் அடித்து, பிள்ளையார் படம் வைத்து, எழுத்துப் பிழை பார்க்கிற வேலையை ஏஐ நாளைக்கே செய்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்கு மேலா கீழா என்று இரண்டு குடும்பமும் கடை வாசலில் நிற்கும்போது, "அண்ணே, ரெண்டு பேரையும் ஒரே வரியில போட்டுருவோம்" என்று முடித்து வைக்கிற வேலை கடைக்காரருக்குத்தான். உங்கள் வேலையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள், எந்தத் துண்டு போகும், எது நிற்கும் என்று தெரிந்தால் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். டைப் அடிப்பது மட்டுமே வேலையாக இருக்கிறவர்களுக்கு இது நிஜமான ஆபத்து, அவர்களிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அதே வினைச்சொல் கண்ணோடு உள்ளூர்த் திட்டங்களையும் படியுங்கள். அறிவிப்பு, ஒப்புதல், அடிக்கல், டெண்டர், திறப்பு எல்லாம் வேறு வேறு. மதுரை எய்ம்ஸ் மருத்துவமனை 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு, 2019 ஜனவரி 27-ல் தோப்பூரில் அடிக்கல், கட்டுமானம் தொடங்கியது 2024-ல், அதற்குள் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "வருகிறது" என்று எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள்.

கடைசியாகக் குடும்ப வாட்ஸ்அப் குழு. பழைய செய்தி புதுசு போல வந்தால் முதலில் தேதியைத் தேடுங்கள், படத்தில் தேதி இல்லையென்றால் தலைப்பை அப்படியே கூகுளில் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். அனுப்பியவர் பெரியப்பா என்றால் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள், நாலு பேர் பார்க்கச் சொன்னால் அவர் அதை நிரூபிக்க இன்னும் பத்து அனுப்புவார். தனியாக, "பெரியப்பா, இது 2019 செய்தி போல, லிங்க் பாருங்க" என்று ஒரு வரி போடுங்கள். பெரும்பாலும் அவரே அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்.