அனிமே தொடர்களின் ஆங்கில டப்பிங்கைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய இயங்குபடத் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் அவற்றை ஆங்கில வழியாகவே அறிந்தவர்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், தாம் பார்த்த ஆங்கிலப் பதிப்பைத் தவிர வேறு பதிப்பே கிடையாது என்று எண்ணி எழுதும்போதுதான், ஆண்டும் அத்தியாய எண்ணிக்கையும் குரல் கலைஞரின் பெயரும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன.

முதலில் தேதி. 'கௌபாய் பீபாப்' தொடர் எப்போது வெளியானது என்ற எளிய கேள்விக்கே மூன்று விடைகள் உண்டு. 1998 ஏப்ரலில் டிவி டோக்கியோ அதை ஒளிபரப்பத் தொடங்கியது. ஆயினும் 26 அத்தியாயங்களில் ஒரு பகுதியை மட்டுமே காட்டியது. முழுத் தொடரும் அவ்வாண்டு அக்டோபர் முதல் வாவ்வாவ் என்னும் கட்டணச் சேனலில்தான் வந்தது. ஆங்கிலக் குரல்களோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில், பெரியவர்களுக்கான இரவுநேர நிகழ்ச்சிப் பிரிவான அடல்ட் ஸ்விம்மில், அது தொடங்கிய நாள் 2001 செப்டம்பர் 2. எந்த நாட்டில், எந்த மொழியில் என்று சொல்லாமல் ஆண்டை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு அதனால் பயனில்லை. பின்னிரவு நிகழ்ச்சிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானிய நிகழ்ச்சி அட்டவணைகள் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தை முந்தைய நாளின் நீட்சியாகவே குறிப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை 25:30 என்றிருந்தால், நம் நாட்காட்டியில் அது சனிக்கிழமை அதிகாலை 1:30.

அத்தியாய எண்களை ஜப்பானியப் பட்டியலிலிருந்து எடுத்து ஆங்கிலப் பதிப்புக்கு அப்படியே பொருத்துவது அடுத்த தவறு. 4கிட்ஸ் நிறுவனம் 2004 முதல் அமெரிக்காவில் வெளியிட்ட 'ஒன் பீஸ்' பதிப்பில், மூலத்தின் 143 அத்தியாயங்கள் 104 ஆகச் சுருங்கின; சான்ஜி என்னும் கதாபாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட் குச்சிமிட்டாயாக மாறியது. 1985இல் வந்த 'ரோபோடெக்' இன்னும் விந்தையானது. வாரநாள்தோறும் ஒளிபரப்ப 65 அத்தியாயங்களாவது வேண்டும் என்பது அன்றைய அமெரிக்கச் சந்தையின் எதிர்பார்ப்பு. 'மேக்ராஸ்' தொடரிலோ 36தான் இருந்தன. ஆகவே, கதையளவில் தொடர்பே இல்லாத வேறு இரண்டு தொடர்களை அதனுடன் இணைத்து, ஒரே கதையின் மூன்று தலைமுறைகளாக்கி 85 அத்தியாயங்கள் உருவாக்கினார்கள். அதை 'மேக்ராஸின் ஆங்கில டப்பிங்' என்று எழுதுவது அறவே பிழை.

குரல் கலைஞர்களைப் பொறுத்தவரை நிகழும் தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் ஒருவருடைய உழைப்பு அதில் இன்னொருவர் கணக்கில் போய்விடுகிறது. 'டிராகன் பால் ஸீ'யின் முதல் 67 அத்தியாயங்கள் வெட்டப்பட்டு, 53 ஆக, கனடாவின் வான்கூவர் நகரக் கலைஞர்களின் குரலில் 1996 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாயின. கதாநாயகனான, வளர்ந்த கோகுவுக்கு அப்போது முதலில் குரல் கொடுத்தவர் இயன் ஜேம்ஸ் கார்லெட், அவருக்குப் பின் பீட்டர் கெலாமிஸ். 1999இல் பணி டெக்சாஸுக்கு மாறிய பிறகே ஷான் ஷெம்மல் வந்தார். பின்னாளில் அந்தத் தொடக்க அத்தியாயங்களையும் டெக்சாஸ் குழுவினர் வெட்டில்லாமல் மீண்டும் டப்பிங் செய்தார்கள். எனவே, கோகுவின் ஆங்கிலக் குரல் யார் என்று எழுதும்போது எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 'செய்லர் மூன்' தொடருக்கும் இதே நிலைதான்: 1995இல் நாயகி உசாகியின் பெயரைச் செரீனா என்று மாற்றிய பதிப்பு ஒன்று, 2014 முதல் விஸ் மீடியா நிறுவனம் புதிதாக வெளியிட்ட, மூலப் பெயர்களைக் காத்த பதிப்பு மற்றொன்று.

சப்டைட்டிலும் டப்பிங் வசனமும் வேறுபட்டால், உடனே மொழிபெயர்ப்பைக் குறை சொல்லிவிடக் கூடாது. முன்பே வரையப்பட்ட வாயசைவின் நீளத்துக்குள் ஆங்கில வாக்கியம் அடங்கியாக வேண்டும் என்பதால், பொருளைக் காத்துச் சொற்களை மாற்றி எழுதுவதே டப்பிங் வசனகர்த்தாவின் வேலை. பொருளே மாறும் இடம் வேறு. 'செய்லர் மூன்' தொடரின் 2000ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில், மூலத்தில் காதலர்களான இரு பெண்கள், ஹாருகாவும் மிச்சிருவும் உறவுக்காரச் சகோதரிகளாக்கப்பட்டார்கள். அதைக் கண்டிப்பது முற்றிலும் நியாயம்.

எங்கே பார்க்கலாம் என்று குறிப்பிடுகிறவர்கள் பழைய தகவலை நம்பக் கூடாது. அனிமே தொடர்களை இணையத்தில் காட்டிவந்த ஃபனிமேஷன் தளம் 2024 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. தளம் மாறும்போது உள்ளடக்கமும் மாறக்கூடும்: 2019இல் நெட்ஃபிளிக்ஸ் 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரைப் புதிய ஆங்கிலக் குரல்களோடு வெளியிட்டபோது, அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் அத்தியாய முடிவில் ஒலிக்கும் 'ஃப்ளை மீ டு த மூன்' பாடல் நீக்கப்பட்டிருந்தது. அந்தப் பாடல் தொடரில் இருந்ததே இல்லை என்று அதை மட்டும் பார்த்தவர் எழுதினால், பழைய டிவிடிகளை வைத்திருப்பவர்கள் மறுப்பார்கள்.