புகையிலைக் கஷாயமும் சில தவறான எண்ணங்களும்

மாடித்தோட்டத்தில் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால், "புகையிலைக் கஷாயம் அடிங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அடித்தால் பூச்சி விழும், உண்மைதான். ஆனால் இலையை ஊறவைத்த தண்ணீர்தானே என்று நினைப்பது பெரிய தவறு. புகையிலைச் செடி நிகோடின் என்ற நஞ்சை வேரில் உண்டாக்கி இலைக்கு ஏற்றுவதே, கடிக்க வரும் பூச்சியின் நரம்பைத் தாக்கத்தான். அது நம் நரம்பையும் தாக்கும், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பனி ஈரத்தோடு இலை ஒடிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான்.

அதனால் வெறுங்கையால் பிசையாதீர்கள், கையுறை போடுங்கள். கரைசல் பார்ப்பதற்குக் காபி டிகாஷன் மாதிரியே இருக்கும். அதைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிச் சமையல் மேடையில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்களே! கீரை, கொத்தமல்லி மேல் தெளிக்கவே வேண்டாம். பூத்திருக்கும் செடியிலும் வேண்டாம், தேனீக்கள் செத்துவிடும்.

தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பமே. இந்தக் குடும்பச் செடிகளுக்கு நோய் தரும் புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். புகையிலை போட்ட கையோடு தக்காளி நாற்றைத் தொட்டால் அதற்கும் ஒட்டிக்கொள்ளலாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

சரி, பெயருக்கு வருவோம். நிகோடினைக் கண்டுபிடித்தவர் நிக்கோ என்று பலர் நினைக்கிறார்கள். ழான் நிக்கோ போர்ச்சுகலில் இருந்த பிரெஞ்சுத் தூதர். 1560 வாக்கில் இந்தச் செடியைப் பிரெஞ்சு அரசவைக்கு மருந்தென்று அனுப்பினார். அவர் நினைவாகச் செடிக்கு நிகோடியானா என்று பெயர் வந்தது. 1828-இல் ஜெர்மனியில் போசெல்ட், ரைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்குச் செடியின் பெயரிலிருந்து நிகோடின் என்று பெயரானது.

சங்க காலத்திலேயே புகையிலை இருந்தது என்பதும் தவறு. அமெரிக்கக் கண்டத்துச் செடி இது, போர்ச்சுகீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. டொபாக்கோ என்ற சொல் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்டது. நம்மவர்களோ புகைக்கும் இலை என்று பார்த்த மாத்திரத்தில் தமிழிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சுருட்டிப் பிடித்ததற்கு வைத்த 'சுருட்டு' ஆங்கிலத்துக்கே போய் 'செரூட்' ஆகிவிட்டது.