டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுச் செலவைக் குறைப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

தண்ணீர் பாட்டில் சுமார் 4 டாலர் என்றதும் அம்மா கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டார். "ஏன்டா, ஒரு பாட்டில் தண்ணி 350 ரூபாயா?" அதற்குள் என் மூத்த பையன் பாட்டிலைத் திறந்து பாதி குடித்துவிட்டான். அன்று மேஜிக் கிங்டம் பூங்காவில் ஆறு பேரும் சேர்ந்து குடித்த தண்ணீருக்கு மட்டும் ஆன காசில், வீட்டுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கியிருக்கலாம்.

அது அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்கு எங்கள் முதல் பயணம். டிக்கெட்டுக்கும் அறைக்கும் ஆறு மாதம் முன்பே கணக்குப் போட்ட நாங்கள், சாப்பாட்டை "அங்கே பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டோம். கிரெடிட் கார்டு பில் வந்தபோது சாப்பாட்டுச் செலவு அறை வாடகையோடு போட்டி போட்டது. இரண்டாம் முறை போனபோது அதே ஆறு பேர், அதே நான்கு நாள், ஆனால் செலவு ஏறக்குறைய பாதிதான். எப்படிச் செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டில் போகும் காசைவிட, நின்றபடி வாங்குகிற தண்ணீர், ஜூஸ், சிப்ஸ், குழந்தை அழுததற்கு ஒரு ஐஸ்கிரீம் என்று போகும் காசுதான் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது.

படி 1: என்ன கொண்டுபோகலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது: ஆர்லாண்டோ டிஸ்னியின் நான்கு பூங்காக்களிலும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்) வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். நிபந்தனைகள் சில உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவுக்கான சின்னக் கண்ணாடி டப்பாவுக்கு மட்டும் விலக்கு). மது கூடாது. உள்ளே போய்ச் சூடாக்க வேண்டிய உணவும், வாடை தூக்கலாக அடிக்கும் உணவும் கூடாது. கூலர் பை 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். 2019 முதல் உதிரி ஐஸ் கட்டியும் உலர் ஐஸும் அனுமதி இல்லை. அதற்குப் பதில் உறைய வைத்த ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம்.

வாடை விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கருவாட்டுத் தொக்கையும் அவித்த முட்டையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெருங்காயம் மணக்கும் புளியோதரையை இறுக்கமாக மூடியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஸ்டீல் பாட்டிலும் குடையும் இருந்தால் ஸ்கேனரில் நுழையும்போது கையில் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது சத்தம் போடும், உங்களைத் தனியே ஓரம் கட்டுவார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் யூனிவர்சல் என்ற வேறு கேளிக்கைப் பூங்காவுக்கும் போகிறீர்கள் என்றால் இந்த விதி செல்லாது. அங்கே தண்ணீர், சின்ன நொறுக்குத்தீனி, குழந்தை உணவு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டுசாதம் கட்டிக்கொண்டு போய் வாசலில் திரும்பி நிற்காதீர்கள்.

படி 2: அறையைச் சாப்பாட்டை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

டிஸ்னியின் சொந்த விடுதிகளில் அறைக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உண்டு. ஆனால் சாதாரண அறையில் அடுப்பு கிடையாது, ரைஸ் குக்கரை வைத்துச் சமைக்கவும் கூடாது. நாங்கள் இரண்டாம் முறை வெளியே ஒரு சூட் வகை விடுதியில் தங்கினோம். ஹோம்வுட் சூட்ஸ், ரெசிடென்ஸ் இன் போன்றவற்றில் அறையிலேயே முழுச் சமையலறை இருக்கும். காலை உணவும் வாடகையிலேயே சேர்ந்துவிடும். ஆறு பேருக்குக் காலைச் சாப்பாடு இலவசம் என்பது ஒரு நாளைக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று குடும்பமாகப் போனால் கிஸ்ஸிம்மி பக்கம் தனி வீடு வாடகைக்கு எடுப்பது இன்னும் லாபம்.

இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அமெரிக்காவில் 120 வோல்ட் மின்சாரம். நம் ஊர் சாமான் சரியாக வேலை செய்யாது. மளிகைக்கு வால்மார்ட், பப்ளிக்ஸ் பக்கத்திலேயே உண்டு. கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் வேண்டுமென்றால் ஆரஞ்ச் பிளாசம் டிரெயில் சாலையில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் பெரும்பாலான மளிகைச் சாமானுக்கு விற்பனை வரி இல்லை. பூங்காவுக்குள் வாங்கும் சாப்பாட்டுக்கு 6.5 சதவீதம் உண்டு.

படி 3: கட்டுசாதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நாங்கள் தப்புச் செய்த இடம் இதுதான்.

முதல் பயணத்திலும் ஒரு நாள் தயிர் சாதம் கொண்டுபோயிருந்தோம். பையைத் தள்ளுவண்டியின் கீழ்க்கூடையில் வைத்துவிட்டு ரைடுக்கு வரிசையில் நின்றோம். தள்ளுவண்டிகளை வெட்டவெளியில்தான் நிறுத்திவைக்க வேண்டும். ஜூலை வெயில். பதினொன்றரைக்குத் திறந்தால் டப்பாவின் மூடி உப்பியிருந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடினார். பக்கத்து வண்டியிலோ பிஸ்கட் பொட்டலத்தை அணில் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே வண்டியில் எதை விட்டுப்போனாலும் ஜிப் மூடியிருக்கட்டும்.

இரண்டாம் முறை புளியோதரைதான். புளிக்காய்ச்சலை அட்லாண்டாவில் வீட்டிலேயே எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை காய்ச்சி எடுத்துப்போனோம். காரில் 440 மைல் என்பதால் கவலையில்லை. விமானத்தில் வருகிறவர்கள் அதைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள், அதைத் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

முதல் நாள் ராத்திரியே சாதத்தைத் தண்ணீர் குறைத்து, பருக்கை பருக்கையாக வடியுங்கள். அகலமான தட்டில் பரப்பி நல்லெண்ணெய் ஊற்றி ஆறவிட வேண்டும். முழுக்க ஆறின பிறகு புளிக்காய்ச்சலைப் பிசைந்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பொட்டலம் கட்டுவது காலையில். சூடாக மூடினால் உள்ளே வியர்த்து, மதியத்துக்குள் நொசநொசவென்று ஆகிவிடும். ஆளுக்கு ஒரு பொட்டலமாக அலுமினியத் தாளில் கட்டிக்கொண்டால் பெரிய டப்பா, தட்டு எதுவும் வேண்டாம். ஸ்பூனும் ஈரத் துடைப்பானும் மட்டும் மறக்காதீர்கள்.

குழந்தைகளுக்குச் சப்பாத்தியில் நெய்யும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி வையுங்கள். தயிர் சாதம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெரியவர்கள் இருந்தால், ஊரில் ரயில் பயணத்துக்குச் செய்வதுபோல ஆறின சாதத்தில் பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் போட்டுப் பிசைந்து ஐஸ் பேக்குக்கு நடுவில் வையுங்கள். அதையும் பதினோரு மணிக்கே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். அந்த வெயிலை நம்பாதீர்கள்.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? மேஜிக் கிங்டம் தவிர மற்ற மூன்று பூங்காக்களில் கார் நிறுத்துமிடம் வாசலிலிருந்து எட்டக்கூடிய தூரம்தான். காருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். மேஜிக் கிங்டமில் மட்டும் அப்படி நினைக்காதீர்கள். அங்கே காருக்கும் வாசலுக்கும் நடுவில் மோனோரயிலோ படகோ ஏற வேண்டும், போய்வர ஒரு மணி நேரம் ஓடிவிடும். நிழலான ஒரு பெஞ்ச் போதும்.

படி 4: தண்ணீர்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். பானங்களை இயந்திரத்தில் பிடித்துத் தரும் எந்தக் கவுன்டர் கடையிலும் ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு கப் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வேறு எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல்முறை கேட்கும்போது அப்பாவுக்குக் கூச்சம். இரண்டாம் நாள் அவரே போய் ஆறு கப் வாங்கி, அட்டைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார்.

இதோடு ஆளுக்கு ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும். இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி ராத்திரி ஃபிரீசரில் வையுங்கள். முழுக்க நிரப்பினால் வெடிக்கும். காலையில் அதுவே கூலருக்கு ஐஸ் பேக், மதியம் அதுவே ஜில் தண்ணீர். ஃப்ளோரிடாத் தண்ணீரின் வாசம் சிலருக்குப் பிடிக்காது. எலுமிச்சைப் பொடி ஒரு பாக்கெட் போட்டுக்கொண்டால் சரி.

படி 5: ஒரு வேளை மட்டும் உள்ளே வாங்குங்கள்

மூன்று வேளையும் கட்டுசாதம் என்றால் யாருக்கும் விடுமுறை போல இருக்காது. எங்கள் திட்டம்: காலை விடுதியில், மதியம் பொட்டலம், சாயங்காலம் உள்ளே. மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் எல்லாக் கடைகளின் மெனுவும் விலையோடு பார்க்கலாம். மொபைல் ஆர்டரில் நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டு, கடைக்கு வந்ததும் வந்துவிட்டதாக ஆப்பில் தட்டினால் சமைத்துத் தருவார்கள். வரிசையில் நின்று, பசியில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது இதனால் குறைகிறது. போன் சார்ஜ் தீராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்டர் கடைகளில் பெரியவர் சாப்பாடு தோராயமாக 12 முதல் 18 டாலர் வரும். குழந்தைகள் சாப்பாடு அதில் பாதிதான். கூடவே பழமோ வேறு துணை உணவோ, பானமும் சேர்ந்துவிடும். கவுன்டர் கடைகளில் அதைப் பெரியவர்களும் வாங்கலாம், யாரும் வயதைக் கேட்பதில்லை. அம்மா தினமும் அதைத்தான் சாப்பிட்டார். அதுவே அவருக்கு அதிகம்.

சைவக்காரர்களுக்கு: மெனுவில் இலைக் குறி இருந்தால் அது முழுக்கத் தாவர உணவு. அனிமல் கிங்டமில் சதூலி கேன்டீனில் சாதமோ நூடுல்ஸோ எடுத்துக்கொண்டு மேலே வறுத்த டோஃபு போட்டு வாங்கலாம். மேஜிக் கிங்டமில் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் மாடிக்கு ஏறிப்போனால் ஏசியில், கூட்டமில்லாமல் உட்காரலாம். மதியம் வெயிலோ மழையோ வலுத்தால் அங்கே ஒதுங்குவோம்.

பூங்காவுக்குள் வராத ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் சனா என்று ஒரு உணவகம். நான் ரொட்டி, வெங்காயக் குல்ச்சா, பனீர் பராத்தா என்று ரொட்டிகளும், தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும் வரும் ஒரு தட்டு அங்கே பிரபலம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். பூங்கா டிக்கெட் வேண்டாம். டேபிள் முன்பதிவு செய்துவிட்டு, பூங்காவுக்குப் போகாத நாளில் போங்கள்.

படி 6: பெரிய செலவை யோசித்து எடுங்கள்

மிக்கி மவுஸ், வின்னி த பூ கரடி போன்ற கார்ட்டூன் வேடக்காரர்கள் மேசைக்கு வந்து கட்டிப்பிடிக்கும் சாப்பாடு பெரியவருக்கு 60 டாலரைத் தாண்டும். எங்கள் கருத்து: ஒரு பயணத்துக்கு ஒன்று, அதுவும் பஃபே. பஃபேயில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் காசு இல்லை. 60 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். பதிவு செய்துவிட்டு ரத்தும் செய்யாமல் போகாமல் விட்டால் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். ஆறு பேராகப் போனால் 18 சதவீத டிப்ஸ் பில்லிலேயே சேர்ந்து வரும். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொரு முறை டிப்ஸ் எழுதிவிடாதீர்கள். அந்தப் புண்ணியத்தையும் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் டைனிங் பிளான், அதாவது டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம். 2020-ல் நிறுத்தியதை 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். கவுன்டர் உணவுக்கான திட்டம் அப்போது பெரியவருக்கு ஓர் இரவுக்கு சுமார் 57 டாலர்: இரண்டு சாப்பாடு, ஒரு நொறுக்கு, விடுதியில் நிரப்பிக்கொள்ளும் ஒரு கோப்பை. சாப்பாட்டோடு வரும் பானம் பெரியவர்களுக்கு மதுவாகவும் இருக்கலாம், விலையில் பாதி நியாயம் அங்கேதான். மது குடிக்காத, சைவம் சாப்பிடுகிற வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. அறையில் தங்கும் 3 வயது நிறைந்த எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாங்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். குழந்தைகளுக்கு இலவசம் என்று சலுகை விட்டால் மட்டும் திரும்பக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 7: ஐஸ்கிரீமுக்கு ஒரு வரம்பு

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது நடக்காது. காலையிலேயே "இன்றைக்கு ஆளுக்கு ஒன்று, எது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பெரியவன் நாள் முழுக்க அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான். வேறு எதையும் கேட்கவில்லை. மேஜிக் கிங்டமின் அட்வென்ச்சர்லேண்ட் பகுதியில் கிடைக்கும் டோல் விப் அன்னாசி ஐஸில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. அம்மா பயமில்லாமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

எப்காட்டில் கிளப் கூல் என்று ஒரு இடத்தில் பல நாட்டுக் கோக்க கோலா பானங்களைச் சின்னக் கப்பில் இலவசமாகப் பிடித்துக் குடிக்கலாம். இத்தாலியின் பெவர்லியை மட்டும் யாருக்காவது சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். வேப்பங்கொழுந்துக் கசாயம் தோற்றுவிடும்.

கணக்கு

நான்கு பெரியவர், ஒரு எட்டு வயதுப் பையன், எதற்கும் காசு இல்லாத இரண்டு வயதுக் குட்டி. பெரியவர் சாப்பாட்டை 15 டாலர், பையனுடையதை 8 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வேளைக்கு 68. எல்லாவற்றையும் உள்ளே வாங்கினால் இரண்டு வேளை 136, ஐந்து பேருக்கு மும்மூன்று பாட்டில் தண்ணீர் 60, ஐஸ்கிரீம் 30. வரியோடு சுமார் 241 டாலர். எங்கள் முறையில் சாயங்காலச் சாப்பாடு 68, ஐஸ்கிரீம் 30, வரியோடு 104. மளிகைக்கு 20 சேர்த்தால் 124. நான்கு நாளைக்கு மிச்சம் 468 டாலர்.

இந்த மிச்சத்தில் பஃபேக்குப் போனோம். அப்பா இரண்டு இட்லி அளவு சாப்பிட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் பூவின் நண்பனான டிகர் புலியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.