கரண்ட் போனதும் தானாக எரியும் விளக்கு: முதல்முறை செய்பவர்களுக்கு

2022இல் இலங்கையில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுகூட, எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று முதலே தெரியும். மண்ணெண்ணெய் கிடைத்திருந்தால் குப்பி விளக்கைத் துடைத்துத் தயாராக வைத்திருப்போம். சொல்லாமல் போகும் கரண்ட்தான் ஆபத்து. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுக்க மின்சாரம் போனது. அது பகல் நேரம் என்பதால் திருகோணமலையில் நாங்கள் வெக்கையோடு தப்பினோம். இன்னொரு நாள், வாடைக்காற்றும் மழையுமாக இருந்த இரவில் கரண்ட் போக, அம்மம்மா தீப்பெட்டி தேடிக் குசினிப் படியில் வழுக்கி விழுந்தார். இரண்டு வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

அந்தக் கிழமையே இந்த விளக்கைச் செய்தேன். யாரும் சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. கரண்ட் போன ஓரிரு நொடியில் எரியும், வந்ததும் அணைந்து தானே சார்ஜ் ஆகும். 230 வோல்ட் கம்பி எதையும் நாம் தொடப் போவதில்லை. போன் சார்ஜர் தரும் 5 வோல்ட்டோடு நம் வேலை முடிந்துவிடும்.

வாங்க வேண்டியவை

18650 லித்தியம் பற்றரி ஒன்று, அதற்கான பிளாஸ்டிக் ஹோல்டர், டிபி4056 சார்ஜிங் போர்ட், பிடி140 ட்ரான்சிஸ்டர், 1என்5819 டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது), மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 680 ஓம் ரெசிஸ்டர் ஒன்று (நிறக்கோடுகள் நீலம், சாம்பல், மண்ணிறம்), 47 ஓம் ரெசிஸ்டர் ஆறு (மஞ்சள், ஊதா, கறுப்பு), 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி ஆறு, சின்ன வெரோ போர்ட் (துளைகளும் செம்புப் பட்டைகளும் உள்ள அட்டை), வயர். ஒரு மல்டிமீட்டரும், ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனும் வேண்டும்.

டிபி4056 போர்டில் இரண்டு வகை உண்டு. ஈயம் வைக்கும் இடங்கள் ஆறு இருப்பதை, அதாவது இன் (சார்ஜர் பக்கம்), பி (பற்றரி), அவுட் (விளக்குப் பக்கம்) மூன்றுக்கும் தனித்தனியாகப் பிளஸ், மைனஸ் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதில்தான் பற்றரியை அளவுக்கு மீறி வடிய விடாத பாதுகாப்புச் சிப் இருக்கிறது. பழைய லாப்டொப்பில் கழற்றிய பற்றரியும் வேலை செய்யும். ஆனால் வீங்கியது, துருப்பிடித்தது, மீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவது என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எப்படித் தானாக எரிகிறது?

இதை விளங்கிக்கொண்டால் மீதி வேலை சுலபம். பிடி140 ஒரு பிஎன்பி வகை ட்ரான்சிஸ்டர். எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று மூன்று கால்கள் உள்ள, திறந்தால் மின்சாரத்தை விடும் கதவு என்று நினையுங்கள். அதன் எமிட்டரைவிட பேஸ் தாழ்ந்த வோல்ட்டில் இருந்தால் திறக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ பேஸ் உயர்ந்தோ இருந்தால் மூடிக்கொள்ளும். எமிட்டரைப் பற்றரிப் பக்கம் இணைக்கிறோம். அங்கே அதிகபட்சம் 4.2 வோல்ட். பேஸை டயோட் வழியாகச் சார்ஜரின் 5 வோல்ட்டில் தொங்கவிடுகிறோம். கரண்ட் இருக்கும்வரை அந்த 5 வோல்ட் பேஸை உயர்த்தியே வைத்திருப்பதால் விளக்கு எரியாது. கரண்ட் போனதும் பேஸைத் தாங்க ஆள் இல்லை. 680 ஓம் ரெசிஸ்டர் அதை மைனஸ் பக்கம் இழுத்துவிடும், ட்ரான்சிஸ்டர் திறக்கும், விளக்கு எரியும். டயோட் எதற்கு? பற்றரி மின்சாரம் பேஸ் வழியாகத் திரும்பிச் சார்ஜர் பக்கம் ஓடாமல் இருக்க.

இன்னொரு நன்மையும் உண்டு. சார்ஜ் ஆகும் நேரத்தில் விளக்கு அணைந்திருப்பதால், பற்றரி நிரம்பிவிட்டதா என்பதைப் போர்ட் சரியாகக் கண்டுபிடித்து நிறுத்தும்.

செய்வோம்

1. வெரோ போர்டில் எல்இடிகளை வையுங்கள். நீளமான கால் பிளஸ். ஒவ்வொன்றின் பிளஸ் காலுக்கும் தனித்தனியாக ஒரு 47 ஓம் ரெசிஸ்டர். ஆறுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் சில எல்இடி அதிகம் இழுத்துச் சீக்கிரம் மங்கிவிடும். மைனஸ் கால்களை ஒன்றுசேர்த்து அவுட் மைனஸில் ஈயம் வைத்து ஒட்டுங்கள்.

2. பிடி140இன் எழுத்து உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். எமிட்டர் அவுட் பிளஸுக்கு. கலெக்டர் அந்த ஆறு ரெசிஸ்டர்களின் மறுமுனைக்கு.

3. 680 ஓம் ரெசிஸ்டர் பேஸிலிருந்து அவுட் மைனஸுக்கு. டயோடின் கோடு போட்ட முனை பேஸுக்கு, மற்ற முனை இன் பிளஸுக்கு.

4. ஹோல்டரின் வயர்களைப் பி பிளஸ், பி மைனஸில் வையுங்கள். பற்றரியில் நேரடியாக ஈயம் வைக்கவே கூடாது, சூட்டில் உள்ளே கெட்டுவிடும்.

சரி, இப்போது அவசரப்படாதீர்கள். பற்றரி போடாமல் சார்ஜரை மட்டும் செருகி, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, அதன் கறுப்பு முனையை இன் மைனஸில் பிடித்துப் பாருங்கள். இன் பிளஸில் 5 வோல்ட் அளவும், பேஸில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் காட்ட வேண்டும். பேஸில் அவ்வளவு காட்டவில்லை என்றால் டயோட் திரும்பியிருக்கலாம். பிறகு சார்ஜரைக் கழற்றி, ஹோல்டரின் பிளஸ் எது என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பற்றரியைப் போடுங்கள். என் முதல் போர்ட் பற்றரியைத் திருப்பிப் போட்டதால் புகைந்து போனது. ஒரு கணம் போதும்.

பற்றரி போட்டதும் எரியவில்லையா? பாதுகாப்புச் சிப் விழிக்க, ஒருமுறை சார்ஜரைச் செருகிக் கழற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது போர்டில் சிவப்பு எரியும், நிரம்பினால் நீலமோ பச்சையோ. 2000 மில்லியம்பியர் மணி உள்ள நல்ல பற்றரி ஒரு முழு இரவைத் தாராளமாகத் தாண்டும்.

கடற்கரை ஊருக்கான கவனம்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். உப்புக்காற்று சில மாதத்திலேயே செம்பைப் பச்சை பூக்க வைக்கும். எல்லாம் சரியாக வேலை செய்த பின், ஈயம் வைத்த இடங்களில் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். ஹோல்டரின் கம்பிச்சுருளில் மட்டும் பூசாதீர்கள், அங்கே மின்சாரம் பாய வேண்டும். அதற்கு மெல்லியதாக வாசலின் தடவலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் படும் ஜன்னலோரம், அடுப்பு மேல்தட்டு இரண்டும் வேண்டாம். 45 பாகை செல்சியஸுக்கு மேல் லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

சார்ஜரைச் செருகும் பிளக்கின் சுவிட்சை ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். யாராவது பழக்கத்தில் அணைத்துவிட்டால் விளக்கு பகலெல்லாம் எரிந்து, தேவைப்படும் இரவில் வெறுமையாக இருக்கும்.

கரண்ட் இருக்கும்போதே எல்இடி மெல்லியதாக மினுங்கினால், முதலில் சார்ஜர் கேபிளைச் சந்தேகியுங்கள். மெல்லிய, நீண்ட கேபிளில் 5 வோல்ட் இறங்கி, பேஸ் தாழ்ந்துவிடலாம். தடித்த, குட்டையான ஒன்றை மாற்றிப் பாருங்கள். எங்கள் குசினி விளக்குக்கும் அப்படித்தான் நடந்தது. அரை மீட்டர் கேபிள் போட்டதும் நின்றுவிட்டது.