வீட்டுப்படகு வேண்டாம், சர்வீஸ் போட்டில் ஏறுங்கள்: செங்கோட்டையிலிருந்து ஒரு காயல் பயணம்

ஆலப்புழை என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு வீட்டுப்படகுதான் நினைவுக்கு வரும். வாடகையைக் கேட்டதும் ஆசையை அப்படியே விட்டுவிடுவார்கள். காயல்கரை (உப்பங்கழிக் கரை) மக்கள் தினமும் ஏறுவதோ கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறை விடும் சர்வீஸ் போட்டில். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான், டிக்கெட்டும் அந்த அளவுதான்.

1. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் கிளம்புங்கள். முதல் பயணத்துக்கு ஜூன், ஜூலை மழை வேண்டாம்.

2. செங்கோட்டையில் கொல்லம் ரயிலைப் பிடியுங்கள். தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண் பாலம் வரும், தூங்கிவிடாதீர்கள். கொல்லத்தில் மாறி ஆலப்புழை போய், இரவு அங்கேயே தங்குங்கள்.

3. காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போட் ஜெட்டிக்குப் போய், "கோட்டயம் போட்டு எப்போழா?" என்று கேளுங்கள். கோட்டயம் வரைக்கும் போகிறதா, காஞ்ஞிரத்தோடு நின்றுவிடுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். காஞ்ஞிரத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து பஸ்தான்.

4. முன்பக்கம் உட்காருங்கள். இன்ஜின் சத்தம் அங்கே குறைவு, போட்டைத் திருப்பி ஓட்டும் ஸ்ராங்கு வேலை செய்வதையும் பார்க்கலாம். சக்கரம் அவர் கையில், இன்ஜினோ டிரைவர் கையில். ஸ்ராங்கு மணிக்கயிற்றை இழுக்க, அந்த மணிக்கேற்ப டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் மணி அடிக்கடி கேட்கும்.

அப்புறம் குட்டநாடு வரும். இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். நம் ஊரில் வரப்பில் நின்று வாய்க்காலைக் குனிந்து பார்ப்போம். இங்கே வாய்க்காலில் மிதந்துகொண்டு வயலைக் குனிந்து பார்க்கிறோம். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. நடுவில் இருப்பது ஒரு மண் வரம்பு மட்டுமே. உள்ளே சேரும் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வரம்பின் மேலேயே வீடு, தென்னை, துணி துவைக்கும் படி எல்லாம் இருக்கும்.

5. கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் வைக்கம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக 1924-இல் சத்தியாகிரகம் நடந்த ஊர். பெரியார் இரண்டு முறை சிறை போனது இதற்காகத்தான். அவருடைய நினைவகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிறகு அந்தத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். தமிழர்கள் வைக்கத்தைத் தாண்டி நேராகக் கொச்சிக்குப் போய்விடுவது எனக்கு வருத்தம்தான்.

6. வைக்கம் ஜெட்டியிலிருந்து தவணக்கடவுக்குப் போட்டு உண்டு, கால் மணி நேரம்தான். 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' வந்தால் விடாதீர்கள். சூரிய ஒளியில் ஓடுவதால் டீசல் வாடை இல்லை, பக்கத்தில் தண்ணீர் விலகும் சத்தம்கூடக் கேட்கும். அக்கரையில் இறங்கினால் சேர்த்தலைக்குப் பஸ், அங்கிருந்து கொல்லம் பக்கம் போகும் ரயில்.