‘அண்ணன் பார்த்துக்கொள்வான்’: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு உயில் எழுதுவோர் செய்யும் தவறுகள்

தங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் என்ற கவலையோடு உயில் எழுத உட்காரும் பெற்றோர், நேற்று எழுதியவர் செய்த அதே தவறைத்தான் இன்றும் செய்கிறார்கள். சர்வே எண் மாறிப்போவது, தேதி விட்டுப்போவது போன்றவற்றைப் பத்திர எழுத்தரே திருத்திவிடுவார். அவர் கண்ணில் படாத தவறுகள் மட்டும் இங்கே. வாரிசுரிமை பற்றிச் சொல்வதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்து.

எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு எழுதுவது

“வீடும் வங்கி டெபாசிட்டும் மூத்த மகனுக்கு. அவன் தன் தம்பியை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.” இந்த இரண்டு வாக்கியங்களைப் போலக் கெடுதல் செய்பவை வேறில்லை. பாசத்தில் எழுதுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. விவரம் தெரிந்த வக்கீல்களே வாய் திறக்காமல் டைப் செய்து கொடுப்பதுதான் ஆறாத எரிச்சல்.

முதல் வாக்கியம் அண்ணனுக்கு முழு உரிமை தருகிறது. இரண்டாவது, டிரஸ்ட் ஆகாமல் வெறும் வேண்டுகோளாக நின்றுவிடக்கூடும். டிரஸ்ட் என்பது, ஒருவருடைய (பயனாளி) நன்மைக்காகச் சொத்தை இன்னொருவர் (டிரஸ்டி) பொறுப்பில் ஒப்படைப்பது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், 6ஆம் பிரிவில், நான்கு விஷயங்களில் தெளிவு கேட்கிறது: டிரஸ்ட் ஏற்படுத்தும் எண்ணம், நோக்கம், பயனாளி யார், எந்தச் சொத்து. சொத்தைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருப்பான் என்ற நம்பிக்கையோடு ஒருவருக்கு எழுதிவைத்தால் அது டிரஸ்ட் ஆகாது என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது.

அண்ணன் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. தங்கமானவர் என்றே வைத்துக்கொள்வோம். தொழிலுக்குக் கடன் வாங்கி, கட்ட முடியாமல் போனால், அவர் பெயரில் உள்ள வீடு ஜப்திக்கு வரும். விவாகரத்து வழக்கு வந்தால், ஜீவனாம்சக் கணக்கில் அந்த வீடும் சேரும். உயில் எழுதாமல் 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டால் இன்னும் மோசம். அவருடைய மனைவி, பிள்ளைகள், இருந்தால் தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். உடன்பிறந்தவர் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒரே ஒருவர் இருந்தாலும் தம்பிக்கு ஒரு செங்கல்கூடச் சேராது.

அப்பா உயிலே எழுதாமல் போயிருந்தால், அவருடைய சுயார்ஜித (அவரே சம்பாதித்த) சொத்தில் தம்பிக்கும் அண்ணனுக்குச் சமமான பங்கு வந்திருக்கும். குறைபாட்டைக் காரணம் காட்டி அதை மறுக்கவும் முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தப் பங்கை இல்லாமல் செய்தது அக்கறையோடு எழுதிய உயில்.

செய்ய வேண்டியது இது. அண்ணனுக்கு உரியதைத் தனியாக, முழு உரிமையோடு கொடுத்துவிடுங்கள். தம்பிக்கு ஒதுக்குவதை டிரஸ்டில் வையுங்கள். அண்ணன் அதில் ஒரு டிரஸ்டியாக இருக்கட்டும். டிரஸ்ட் சொத்தை டிரஸ்டியின் சொந்தக் கடனுக்காகத் தொட முடியாது. அவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளுக்கும் போகாது. உயிலுக்குள்ளேயே டிரஸ்டை ஏற்படுத்தலாம். வாழும்போதே தனிப் பத்திரமாகவும் எழுதலாம். அதில் வீடோ நிலமோ சேர்ந்தால் பதிவு கட்டாயம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

ஒரே டிரஸ்டி, மிச்சத்துக்கும் அவரே வாரிசு

பயனாளியின் காலத்துக்குப் பிறகு மீதி யாருக்கு என்று டிரஸ்டில் எழுதியாக வேண்டும். அந்த மீதிக்கு உரியவரே தனி டிரஸ்டியாகவும் இருந்தால், இன்று செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நாளை அவருக்குக் குறையும் ரூபாய். பேச்சுப் பயிற்சி நிற்கும், பல் வைத்தியம் தள்ளிப்போகும். கெட்ட எண்ணம்கூட வேண்டாம், கணக்கு மனதை இழுக்கும். குறைந்தது மூன்று டிரஸ்டிகளைப் போடுங்கள். ஒருவராவது சொத்தில் எந்த ஆதாயமும் இல்லாதவராக இருக்க வேண்டும். டிரஸ்டி பொறுப்பை ஏற்கும்படி யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. அதனால் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், மாற்று ஆட்களின் பெயரையும் எழுதுங்கள். பத்திரத்தில் சொல்லாவிட்டால் டிரஸ்டி சம்பளம் கேட்க முடியாது. இருபது, முப்பது வருடம் உழைக்கப்போகிறவருக்கு ஒரு தொகை எழுதிவைப்பதே நியாயம்.

உயிலில் கார்டியன் பெயர் எழுதியாயிற்று என்று இருந்துவிடுவது

உயில் வழியாகக் கார்டியனை (சட்டப்படியான பாதுகாவலரை) நியமிக்கும் உரிமை 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத்தான் செல்லும். 18 முடிந்தால் பெற்றோரே சட்டப்படி கார்டியன் இல்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நியமிக்கப்பட்ட கார்டியன் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பின் யார் என்பதை உயிலில் விருப்பமாக எழுதலாம், நியமிப்பது குழுதான்.

பிள்ளை பெயரிலேயே டெபாசிட் போட்டுக் குவிப்பது

கையெழுத்துப் போட முடியாதவர் பெயரில் உள்ள பணத்தை எடுக்க, கார்டியன் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசு ஊழியரின், சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் 2021ஆம் ஆண்டு உத்தரவுப்படி, பிள்ளையின் மற்ற வருமானம் அந்தக் குடும்ப ஓய்வூதியத்தையும் அதற்குரிய அகவிலை நிவாரணத்தையும் சேர்த்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வட்டியும் வாடகையும் அந்த வரம்பைத் தொட்டால் ஓய்வூதியம் போய்விடும். பென்ஷன் ஆணையில் பிள்ளையின் பெயரை நீங்கள் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

நாமினி போட்டால் போதும் என்பது

வங்கி டெபாசிட்டுக்கு நாமினி, பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை வாரிசுக்கு.

காலி டிரஸ்ட்

பத்திரம் இருக்கிறது, பான் எண் இருக்கிறது, டிரஸ்ட் கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. வீடு இன்னும் அப்பா பெயரில், உயிலில் ஒரு வரி இல்லை. எந்தச் சொத்து, எந்த டிரஸ்டுக்கு, பத்திர எண், தேதி எல்லாம் உயிலில் வர வேண்டும்.

வரியை மறப்பது

யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டால், டிரஸ்ட் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகித வரி. ஒருவர் உயில் மூலம் ஏற்படுத்திய ஒரே டிரஸ்டாக இருந்தால் அந்த உச்ச விகிதத்திலிருந்து விலக்கு உண்டு. ஒரே உயிலில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு டிரஸ்ட் எழுதினால் அந்த விலக்கு போய்விடும். பத்திரம் எழுதும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், எழுதிய பிறகு அல்ல.

சொத்து பெறுபவரே சாட்சிக் கையெழுத்து

வேண்டாம். அவருடைய கணவனோ மனைவியோகூட வேண்டாம்.

பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் போவது

டிரஸ்டிக்குப் பணம் தெரியும், பிள்ளையைத் தெரியாது. வலிப்பு மாத்திரையின் பெயர், அளவு, நேரம், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள், வலித்தால் எப்படிக் காட்டுவாள், யார் வந்தால் அடங்குவாள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எந்த அலமாரியில் என்று ஒரு கடிதமாக எழுதி டிரஸ்ட் பத்திரத்தோடு வையுங்கள். உயிலைப் போல இதற்குச் சாட்சி வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். மருந்து மாறும்போதெல்லாம் பழையதைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதி, மேலே தேதி போடுங்கள்.