கற்பித்தல் கண்காட்சிக்குச் செல்லும் புவியியல் ஆசிரியருக்கு

ஈரோட்டிலிருந்து கோவைக்கு, ஓர் அறக்கட்டளையின் கற்பித்தல் திட்டக் கண்காட்சிக்கு ஒரே நாளில் சென்று திரும்ப எண்ணும் புவியியல் ஆசிரியர், காலை ரயில் ஏறும் முன்பே, தம் மாணவர்கள் தடுமாறும் ஒரேயொரு பாடத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. எல்லா மேசைகளையும் சுற்றினால் துண்டறிக்கைகள்தான் மிஞ்சும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலைக் களிமண் மாதிரியாக வைத்திருந்தால், மேற்கு முனையில் ஒரு குவளை நீர் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். நீர் கிழக்கே இறங்காமல் தேங்கினால் அது வெறும் அலங்காரப் பொருளே. (நான் பார்த்த ஒன்றில், தென்மேற்குக் காற்று நுழையும் பாலக்காட்டுக் கணவாயையே மண்ணால் அடைத்திருந்தார்கள்.) செய்தவரிடம் செலவையும், எத்தனை பாடவேளை பிடித்தது என்பதையும், பெரிய வகுப்பில் பட்ட பாட்டையும் கேட்டு, திரும்பும் ரயிலிலேயே எழுதிவிடுங்கள்.